பிள்ளைகளின் கண்களைக் கட்டாதீர்கள்

இவ்வாரத் தியானத்திற்கு: ஆதியாகமம் 2:18-20, மத்தேயு 11:16-17



கோடை விடுமுறை நெருங்குகிறது. மே மாதம் நடக்கவிருக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கான ஆயத்தங்களைச் சேகரக் கமிட்டி தொடங்கிவிட்டது. நம் சபையைச் சேர்ந்த நல்மனம் படைத்த ஒரு குடும்பத்தார், பிள்ளைகளுக்காகப் பத்து விஆர் கண்ணாடிகளைக் காணிக்கையாகத் தர முன்வந்திருக்கிறார்கள். அதைக் கண்ணில் மாட்டிக்கொண்ட பிள்ளை நோவாவின் பேழைக்குள் நடந்து போகலாம். இருபுறமும் மதிலாய் நிற்கும் செங்கடல் நடுவே நின்று அண்ணாந்து பார்க்கலாம். இதைக் குறித்து உங்களில் பலர் என்னிடம் பேசினீர்கள். சிலர், "தாமதிக்காமல் வாங்குங்கள், ஐயர், இந்தக் காலத்துப் பிள்ளைகளை வேறு எப்படிப் பிடித்து வைப்பது?" என்றீர்கள். வேறு சிலர், "அது சாத்தானின் கண்ணி, ஆலய வளாகத்திற்குள் நுழையவிடாதீர்கள்" என்றீர்கள்.

இரு சாராரோடும் நான் உடன்படவில்லை. கமிட்டி கூடுவதற்கு முன் என் கருத்தை ஒளிவுமறைவின்றி உங்கள் முன் வைப்பது என் கடமை. கொடுக்க முன்வந்தவர்களின் அன்பை நாம் நன்றியோடு ஏற்க வேண்டும். பத்துக் கண்ணாடிகளை ஏற்கக் கூடாது. பிள்ளைக்குக் கற்பனை என்னும் ஆற்றலைக் கொடுத்தவர் கர்த்தர். அந்த ஆற்றலுக்கு வேலை கொடுக்கும் கருவி எதுவாயினும் நல்லது. அதன் வேலையைப் பறித்துக்கொண்டு, பிறர் ஆக்கி முடித்ததை வாயில் ஊட்டும் கருவி எதுவாயினும், அது பளபளக்கும் கண்ணாடியானாலும் ஜெராக்ஸ் எடுத்த காகிதமானாலும், பிள்ளைக்குக் கேடு. இந்த ஒன்றைத்தான் இவ்வாரம் உங்களோடு வாதாட விரும்புகிறேன்.

சாத்தானின் கருவி என்று சொல்லாதீர்கள்

முதலில், பயப்படுகிறவர்களுக்கு. நமக்குப் புரியாததையெல்லாம் சாத்தானுடைய கணக்கில் எழுதுவது எளிது, அது விசுவாசமாகாது. இந்தக் கருவி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1968ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஐவன் சதர்லேண்ட் என்னும் கணினி அறிஞர், தலையில் மாட்டிக்கொண்டு பார்க்கும் ஒரு காட்சிக் கருவியைச் செய்தார். தலை தாங்காத பாரமாயிருந்தபடியால் அதை மேற்கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. பார்த்தவர் கண்டது வெறும் கோடுகளால் ஆன உருவங்கள்தாம். ஆனால் தலையைத் திருப்பினால் அவையும் அதற்கேற்ப மாறின. 1980களில் ஜாரன் லேனியர் என்பவர் இத்துறைக்கு 'விர்ச்சுவல் ரியாலிட்டி' என்ற பெயரைப் பரவச் செய்தார். தமிழில் மெய்நிகர் உலகம் என்கிறோம். நம் கண்முன் இருக்கும் மேசைமீதும் தெருமீதும், இல்லாத ஓர் உருவத்தைக் கைப்பேசித் திரை வழியே பொருத்திக் காட்டுவதற்கு 'ஆக்மென்டட் ரியாலிட்டி' என்று பெயர். 2016 ஜூலையில் போக்கிமான் கோ விளையாட்டு வந்தபோது பல நாடுகளில் சிறுவரும் பெரியவரும் கைப்பேசியை நீட்டிக்கொண்டு தெருத்தெருவாய் அலைந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அது இந்த வகையே.

கலைஞர்கள் இக்கருவியை எடுத்து அருமையான வேலைகளைச் செய்திருக்கிறார்கள். கனடா நாட்டு ஓவியர் ஷார் டேவிஸ் 1995ஆம் ஆண்டு மான்ட்ரியலில் 'ஆஸ்மோஸ்' என்ற படைப்பைக் காட்சிக்கு வைத்தார். அதற்குள் செல்பவர் மார்பில் ஓர் உடுப்பை அணிந்துகொள்வார். மூச்சை உள்ளே இழுத்தால் மெல்ல மேலெழும்புவார். மூச்சை விட்டால் கீழிறங்குவார். காட்டின் வழியாகவும், இலைக்குள்ளாகவும், மண்ணுக்கடியிலும் அப்படியே மிதந்து செல்லலாம். பொத்தானும் துப்பாக்கியும் இல்லை. சுவாசம் ஒன்றே வாகனம். மண்ணால் உருவாக்கி நாசியில் ஜீவசுவாசத்தை ஊதின தேவனை ஆராதிக்கிற நாம், இதைக் கேட்டு முகம் சுளிக்க என்ன இருக்கிறது?

பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் விசித்திர வேலைகளைச் செய்யும்படி பெசலெயேலைத் தேவ ஆவியினால் நிரப்பினதாக யாத்திராகமம் 31ஆம் அதிகாரம் கூறுகிறது. ஆசாரியனுக்கும் முன்பாக, அரசனுக்கும் முன்பாக, ஆவியினால் நிரப்பப்பட்டவன் என்று வேதம் சொல்வது ஒரு கைவினைஞனை. கருவி அவன் கையில் உளியாயிருந்தது, இன்று ஒளியாயிருக்கலாம். அதில் பாவமில்லை.

கர்த்தர் காத்திருந்தார்

இப்போது, வாங்கிவிடுங்கள் என்கிறவர்களுக்கு. ஆதியாகமம் 2ஆம் அதிகாரத்தில் நாம் வேகமாகக் கடந்துபோகும் ஒரு வசனம் உண்டு. கர்த்தர் மிருகங்களையும் பறவைகளையும் உருவாக்கி ஆதாமிடம் கொண்டுவருகிறார். எதற்காக? அவன் அவற்றுக்கு என்ன பேரிடுவான் என்று பார்க்கும்படிக்கு. சகலத்தையும் அறிந்தவர், பெயர்ப் பட்டியலை எழுதிக் கையில் கொடுக்கவில்லை. மனுஷன் யோசிக்கட்டும், தேடட்டும், தன் நாவினால் உண்டாக்கட்டும் என்று காத்திருந்தார். அவன் வைத்ததே பெயராயிற்று. சிருஷ்டிகர் தமது சிருஷ்டிப்பில் ஓர் இடத்தை வெறுமையாய் விட்டு, அதை நிரப்பும் கனத்தை மனுஷனுக்குக் கொடுத்தார். பிள்ளை வளர்ப்பைப் பற்றி வேதத்தில் இதைவிட ஆழமான பாடம் எனக்குத் தெரியவில்லை.

நம்முடைய ஆண்டவரும் பிள்ளைகளின் விளையாட்டைக் கவனித்தவர். சந்தைவெளியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கல்யாண விளையாட்டும் சாவு விளையாட்டும் ஆடியதை அவர் கண்டிருக்கிறார். மத்தேயு 11ஆம் அதிகாரத்தில் அதை எடுத்தே தம் தலைமுறையாரைக் கண்டிக்கிறார். அந்தப் பிள்ளைகளிடம் மணமேடை இல்லை, பாடை இல்லை. குழல் ஊதுவதும் ஒப்பாரி வைப்பதும் போதுமாயிருந்தது. மற்றதையெல்லாம் மனம் கட்டிக்கொண்டது.

நம் ஊரில் இது அயலான சங்கதியா? தென்னை மட்டை கிரிக்கெட் மட்டையானதும், நுங்குக் கூந்தல் இரண்டு கிடைத்தால் வண்டியானதும், செப்புச் சாமானில் மண்ணைப் போட்டுச் சோறு பொங்கியதும் உங்களுக்குத் தெரியும். நுங்கு வண்டிக்குத் திரையுமில்லை, மின்சாரமுமில்லை. ஓட்டுகிற பிள்ளைக்கு அது லாரி. அடுத்த நாள் அதுவே பேருந்து, கண்டக்டரும் அவனே. வண்டியில் என்ன குறைந்ததோ அதையெல்லாம் பிள்ளையின் மனம் கொடுத்தது. குறைவாயிருந்தபடியால்தான் கொடுக்க முடிந்தது. சக்கரம், விளக்கு, ஊதல் சத்தம் எல்லாம் பொருத்தப்பட்ட பொம்மை லாரி அதே வீட்டில் மூன்றாம் நாள் மூலையில் கிடப்பதையும் பார்த்திருக்கிறீர்கள். அதில் பிள்ளை செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

ஆக்க விடும் கருவியும் ஊட்டிவிடும் கருவியும்

ஆகவே, மெய்நிகர் உலகைக் குறித்து நாம் கேட்க வேண்டிய கேள்வி, அது புதிதா பழையதா என்பதன்று. அதற்குள் போகும் பிள்ளை ஆக்குகிறதா, விழுங்குகிறதா என்பதே.

2016ஆம் ஆண்டு கூகுள் நிறுவனம் 'டில்ட் பிரஷ்' என்ற ஓவியச் செயலியை வெளியிட்டது. கண்ணாடியை மாட்டிக் கையில் கட்டுப்படுத்தியைப் பிடித்தால், பிள்ளையைச் சுற்றி வெற்று வெளி. கையை அசைத்தால் காற்றில் கோடு நிற்கும். வீட்டை வரைந்து அதன் வாசல் வழியே உள்ளே போகலாம். தன்னிலும் உயரமான பூவை வரைந்து அதைச் சுற்றி நடக்கலாம். காகிதம் கொடுக்க முடியாத ஒன்றை இது கொடுக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இங்கே பிள்ளைக்கு வேலை இருக்கிறது.

இன்னொன்றைப் பாருங்கள். ஜப்பானியக் கலைக் குழுவான டீம்லேப் 2013ஆம் ஆண்டு 'ஸ்கெட்ச் அக்வாரியம்' என்ற காட்சியை உருவாக்கியது. பிள்ளை காகிதத்தில் ஒரு மீனுக்கு வண்ணம் தீட்டும். அதை ஸ்கேன் செய்தால், சுவரளவு பெரிய கடலில் அந்த மீன் மற்றப் பிள்ளைகளின் மீன்களோடு நீந்தும். தொட்டால் விலகி ஓடும். நியூசிலாந்தில் உருவான 'குவிவர்' செயலியும் இதன் உறவே: அச்சிட்ட பக்கத்திற்கு வண்ணம் அடித்து, கைப்பேசியை மேலே பிடித்தால் படம் எழுந்து அசையும். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், நானும் தட்டுவேன். ஆனால் கணக்குப் பாருங்கள். மீனின் வடிவத்தை வரைந்தது யார்? அது எப்படி நீந்த வேண்டும் என்று தீர்மானித்தது யார்? பிள்ளையின் பங்கு, வேறொருவர் போட்ட கோட்டுக்குள் எந்த நிறம் என்பது மட்டுமே. பாதி ஆக்கம், பாதி ஊட்டம்.

மூன்றாவது வகைதான் நமக்குத் தருவதாகச் சொல்லப்படும் பேழைக் காட்சி. அங்கே பிள்ளைக்குத் தீர்மானிக்க ஒன்றுமில்லை. மரத்தின் நிறம், மழையின் ஓசை, நோவாவின் தாடி, யானை நிற்கும் இடம் எல்லாவற்றையும் எங்கேயோ ஓர் அலுவலகத்தில் யாரோ தீர்மானித்து முடித்துவிட்டார்கள். பிள்ளை தலையைத் திருப்பிப் பார்க்கலாம். அவ்வளவே. ஆதாமுக்குப் பெயரிடும் வேலையைக் கொடுத்த தேவனுடைய ஆலயத்தில், அவருடைய பிள்ளைகளுக்குக் கழுத்தைத் திருப்பும் வேலையையா கொடுக்கப்போகிறோம்?

கண்ணாடியை எதிர்த்த அன்பர்களே, நீங்கள் மகிழ்வதற்குள் உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஞாயிறு பள்ளியில் ஆண்டுதோறும் நாம் கொடுக்கும் வண்ணம் தீட்டும் தாள் எந்த வகையைச் சேர்ந்தது? ஒரே படம், நாற்பது பிரதி. ஒட்டகத்துக்கு நீலம் அடித்த பிள்ளையைத் திருத்துகிறோம். கோட்டைத் தாண்டிய பிள்ளைக்குப் பரிசு இல்லை. அச்சு அசலாய் ஒன்றுபோல் இருக்கும் நாற்பது தாள்களைச் சுவரில் ஒட்டி, பிள்ளைகள் வரைந்தார்கள் என்று பெற்றோருக்குக் காட்டுகிறோம். அந்தத் தாளில் எதையும் அவர்கள் வரையவில்லை. இது மின்சாரமில்லாத விஆர் கண்ணாடி. ஒன்றை வேண்டாமென்று சொல்லி மற்றதை வைத்துக்கொள்வது, நம் பழக்கத்தைப் பக்தி என்று அழைப்பதாகும்.

மூன்று வயதுப் பிள்ளை மனிதனை எப்படி வரைகிறது என்று கவனித்ததுண்டா? ஒரு வட்டம், அதில் இரண்டு கண், வட்டத்திலிருந்தே நேராக இறங்கும் இரண்டு கால்கள். வயிறு கிடையாது. உலகின் பல பாகங்களிலும் பிள்ளைகள் ஏறத்தாழ இப்படியே தொடங்குகிறார்கள். யாரும் கற்றுக்கொடுக்காத சித்திரம் அது. மனிதன் என்றால் முகமும், என்னிடம் நடந்து வரும் காலும் என்று அந்தப் பிள்ளை கண்டுபிடித்துச் சொல்கிறது. தன் சாயலாக மனுஷனைச் சிருஷ்டித்தவரின் சாயலில் ஒரு சிறு பொறி அது. "இது என்ன, கையைக் காணோம்?" என்று சிரிக்கும்போது, நாம் எதை அணைக்கிறோம் என்று அறியாமல் அணைக்கிறோம்.

வேதம் காட்டாமல் விட்டவை

"ஐயர், பார்த்தால் மனதில் பதியுமே" என்கிறீர்கள். பதியும். எது பதியும் என்பதே கேள்வி.

வேதாகமம் காட்சிகளில் மிகவும் சிக்கனமான புத்தகம். பேழையின் நீளம் 300 முழம், அகலம் 50 முழம், உயரம் 30 முழம் என்று அளவு கொடுக்கிறது. உள்ளே இருந்தவர்கள் மழையின் சத்தத்தைக் கேட்டு என்ன பேசினார்கள் என்று கொடுக்கவில்லை. நம் ஆண்டவரின் முகம் எப்படி இருந்தது என்று நான்கு சுவிசேஷகரில் ஒருவரும் எழுதவில்லை. கெட்ட குமாரனின் உவமையில் மூத்த மகன் கடைசியில் வீட்டுக்குள் வந்தானா இல்லையா என்று லூக்கா 15ஆம் அதிகாரம் சொல்லாமலேயே முடிகிறது. ஆவியானவர் மறந்துபோனாரோ? கேட்கிறவன் தன் இருதயத்தில் அந்த வாசலில் நின்று தானே முடிவெடுக்கும்படி அந்த இடம் விடப்பட்டிருக்கிறது. அதை நிரப்பிக் காட்டுகிறவன் பிரசங்கத்தையே அடைத்துவிடுகிறான்.

நாத்தான் தாவீதிடம் வந்த நாளை நினையுங்கள். அவன் உரியாவின் சடலத்தைக் காட்டவில்லை. ஓர் ஏழையும் அவன் வளர்த்த ஆட்டுக்குட்டியும் என்று ஒரு சிறு கதை சொன்னான். அந்தக் குட்டியை அரசன் தன் மனதிலே கண்டான், கோபத்தால் எரிந்தான், பிறகுதான் அந்த மனிதன் தானே என்று அறிந்தான். தன் மனதால் வரைந்த சித்திரமாகையால் அதை மறுக்க அவனால் முடியவில்லை. பிறனுடைய இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பது கற்பனையின் வேலை. பிறர் நமக்குச் செய்ய விரும்புவதை அவர்களுக்குச் செய்யுங்கள் என்ற ஆண்டவரின் கட்டளையை, கற்பனை மரத்துப்போன மனிதன் கைக்கொள்ள முடியாது. என் அச்சத்தின் வேர் இதுதான், சபையாரே. ஓவியம் தெரியாத பிள்ளை பரலோகம் போகலாம். அடுத்தவனின் வலியைத் தன் மனதில் வரைந்து பார்க்கத் தெரியாமல் வளரும் பிள்ளை எப்படி அன்புகூரும்?

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு. அதை மறைக்க மாட்டேன். 2015ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவோடு 'கிளவுட்ஸ் ஓவர் சித்ரா' என்ற மெய்நிகர் படம் வந்தது. ஜோர்தான் நாட்டின் சாத்தரி அகதி முகாமில் வாழும் 12 வயது சிரியச் சிறுமியின் அன்றாட வாழ்க்கை அது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கிறிஸ் மில்க், இந்தக் கருவியைப் பரிவை உண்டாக்கும் இயந்திரம் என்றே வருணித்தார். முகாமின் மண்ணில் நிற்பதுபோல் உணர்ந்து மனம் இளகியவர்கள் இருப்பார்கள். அதற்காகத் தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் பரிவு இயந்திரத்திலிருந்து வருவதென்று நம்பத் தொடங்கினால், இயந்திரம் இல்லாத இடத்தில் என்ன செய்வோம்? நம் தெருமுனையில் வீடிழந்து நிற்கும் குடும்பத்தை யாரும் படமெடுத்துத் தரப்போவதில்லை. அவர்களுடைய இரவு எப்படியிருக்கும் என்று நம் பிள்ளை தானாக நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தத் தசை பயிற்சியால்தான் வளரும்.

செங்கடலைக் கண்ணாடிக்குள் கண்ட பிள்ளை கழற்றியதும் என்ன சொல்லும்? "இன்னொரு தடவை." ராட்டினத்தில் இறங்கிய பிள்ளை சொல்வதும் அதுவே. கதையாகக் கேட்ட பிள்ளையோ, "அந்த மீன்களெல்லாம் என்ன செய்தன?" என்று கேட்கும், "எகிப்தியரின் குதிரைகள் என்ன பாவம் செய்தன?" என்று கேட்கும். இரண்டாவது கேள்விக்கு முன் எந்த ஆயரும் திணறுவார். அந்தக் கேள்வியிலிருந்துதான் வேத பாடம் தொடங்குகிறது. விசுவாசம் கேள்வியினால் வருமென்று பவுல் ரோமருக்கு எழுதியது காதால் கேட்பதைக் குறித்து. ஆனாலும் கேட்ட பிள்ளைதான் கேள்வியும் கேட்கிறது. காணாதிருந்தும் விசுவாசிக்கிறவர்களைத் தோமாவுக்கு முன்பாக ஆண்டவர் பாக்கியவான்கள் என்றாரே. நம் பிள்ளைகளிடமிருந்து அந்தப் பாக்கியத்தை ஏன் அவசரமாய்ப் பறிக்கிறோம்?

நீங்கள் எழுப்பும் தடைகள்

"மனுஷனுடைய இருதயக் கற்பனை பொல்லாததென்று வேதமே சொல்கிறதே" என்று ஒரு மூத்த சகோதரர் கேட்டார். ஆதியாகமம் 6:5ஐ நானும் அறிவேன். அந்த வசனம் மனுஷனுடைய நினைவுகளைச் சொல்கிறது. நினைவு பொல்லாததென்று யாரும் நினைப்பதை நிறுத்திவிடவில்லை. விழுந்துபோன புத்தியைப் பள்ளிக்கு அனுப்பி வளர்க்கிறோம். விழுந்துபோன கற்பனையையும் அப்படியே கர்த்தருக்கென்று வளர்க்க வேண்டும். வெறுமையாய் விட்ட வீட்டுக்கு ஏழு ஆவிகள் வருமென்று ஆண்டவர் எச்சரித்திருக்கிறார்.

"சபை காலத்தோடு போக வேண்டாமா?" பிள்ளைகளின் கல்வியில் சபையார் காலத்துக்கு முன்னே போனவர்கள். 1658ஆம் ஆண்டு, பிள்ளைகளுக்கென்றே படங்களோடு ஒரு பாடநூலை வெளியிட்ட கொமேனியஸ், சகோதரர் ஐக்கியச் சபையின் பேராயர். 1837இல் ஜெர்மனியில் சிறு பிள்ளைகளுக்கென்று புதுவகைப் பள்ளியைத் தொடங்கி, பின்பு அதற்குக் கிண்டர்கார்ட்டன் என்று பெயரிட்ட ஃபிரோபெல், ஒரு போதகரின் மகன். அவர் பிள்ளைகளின் கையில் கொடுத்தது என்ன? மரக்கட்டைகள்: உருண்டை, கனசதுரம், உருளை. எதையும் காட்டாத கட்டைகள். எதையும் ஆக்கக்கூடிய கட்டைகள். 1876இல் பிலடெல்பியாக் கண்காட்சியில் அந்தக் கட்டைகளைக் கண்டு தன் மகனுக்கு வாங்கிக் கொடுத்தார் ஒரு தாய். மகன் ஃபிராங்க் லாயிட் ரைட் வளர்ந்து உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞரானார். முதுமையிலும் அந்த மரக்கட்டைகளை மறவாமல் நினைவுகூர்ந்தார். காலத்துக்கு முன்னே போவதென்றால் விலையுயர்ந்ததை வாங்குவதென்று யார் சொன்னது?

"இது இருந்தால் பிள்ளைகள் வருவார்கள்." வருவார்கள். அப்பம் புசித்துத் திருப்தியானதினால் தம்மைத் தேடி வந்தவர்களை யோவான் 6ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் எப்படி எதிர்கொண்டார் என்று வாசித்துப் பாருங்கள். அடுத்த ஆண்டு பக்கத்து ஊரில் இருபது கண்ணாடி வந்தால் பிள்ளைகள் அங்கே போவார்கள்.

நடைமுறையான ஒரு தடையை நான் எழுப்புகிறேன். இக்கருவிகளைச் செய்து விற்கும் நிறுவனங்களே வயது வரம்பு வைத்திருக்கின்றன. சோனி தன் பிளேஸ்டேஷன் விஆர் கருவி 12 வயதுக்குட்பட்டோருக்கு உரியதன்று என்றது. மெட்டா 13 என்றிருந்த வரம்பை 2023இல், பெற்றோர் நடத்தும் கணக்கோடு, 10 ஆகக் குறைத்தது. நம் விடுமுறைப் பள்ளியில் பாலர் வகுப்பும் தொடக்க வகுப்பும் அதற்குக் கீழே. விற்கிறவனே தயங்கும் இடத்தில் சபை துணியலாமா?

இன்னொன்று. டில்ட் பிரஷ்ஷில் வரைந்தவற்றைப் பகிர்ந்து வைக்கக் கூகுள் நடத்திய 'பாலி' என்ற தளம் 2021இல் மூடப்பட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில் டில்ட் பிரஷ்ஷின் வளர்ச்சியையும் அந்நிறுவனம் நிறுத்திக்கொண்டது. பூச்சியும் துருவும் கெடுக்கும் பொக்கிஷத்தைக் குறித்து ஆண்டவர் எச்சரித்தார். இந்தப் பொக்கிஷத்துக்குத் துருகூட வேண்டியதில்லை. ஒரு நிறுவனத்தின் அறிவிப்பு போதும். உங்கள் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் உங்கள் நான்கு வயதுக் கிறுக்கல் இன்றும் இருக்கக்கூடும்.

அப்படியானால் என்ன செய்வோம்?

வேண்டாம் என்று சொல்லி நிறுத்துகிறவன் பாதி வேலை செய்தவன். ஆகவே கமிட்டியின் முன் இவற்றை வைக்கிறேன்.

முதலாவது, இந்த மே மாதம் நோவாவின் பாடத்தைப் பேழையை அளந்து தொடங்குவோம். பூக்காரம்மா முழம் போடுவதுபோல, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை பிள்ளைகள் தங்கள் கையாலேயே கயிற்றை அளக்கட்டும். பெரியவர் கையால் 300 முழம் என்பது ஏறத்தாழ 450 அடி. நம் ஆலய வளாகம் போதாது, பேழையின் பின்பாதி தெருவுக்குள் போய்விடும். போகட்டும். கயிற்றின் ஒரு முனையில் நிற்கும் பிள்ளை மறுமுனையில் நிற்கும் தோழனைக் கூவி அழைக்கட்டும். பேழை எவ்வளவு பெரியதென்று எந்தக் கண்ணாடியும் இதைவிட நன்றாய்ச் சொல்லாது. சிறு கையால் அளந்தால் பேழை ஏன் சிறியதாகிறது என்று ஒரு பிள்ளை கேட்கும். அதற்காகவே இதைச் செய்ய வேண்டும்.

இரண்டாவது, வண்ணம் தீட்டும் தாள்களை நிறுத்துவோம். வெற்றுத் தாளும், களிமண்ணும், கரித்துண்டும், வண்ணமும் கொடுப்போம். எருசலேமை ஒரு செங்கல்லின்மேல் வரையும்படி எசேக்கியேல் தீர்க்கதரிசிக்குக் கர்த்தர் கட்டளையிட்டார். நம் பிள்ளைகளுக்கும் செங்கல் கிடைக்கும். காகிதம் கிழியும், களிமண் வெடிக்கும், மறுபடி பிசைய வேண்டியிருக்கும். எரேமியா குயவன் வீட்டில் கண்டது அதுவே. கெட்டுப்போன மண்ணைத் திரும்ப வனைவது எப்படி என்று பிள்ளையின் விரல்கள் அறிய வேண்டும். காற்றில் நிற்கும் கோட்டில் அந்தப் பாடம் இல்லை. ஆசிரியர்களே, "இது என்ன?" என்று கேட்காதீர்கள், "இதைப் பற்றிச் சொல்" என்று கேளுங்கள்.

மூன்றாவது, பெற்றோருக்கு. உங்கள் பிள்ளை கைப்பேசியில் ஏதோ செயலியில் பூனையைச் சோபாமேல் உட்காரவைத்துச் சிரிக்கிறது. பிடுங்காதீர்கள். முடிந்ததும், "இதில் நீ எதைச் செய்தாய்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் இருந்தால் சந்தோஷப்படுங்கள். பதில் இல்லாவிட்டால் மொட்டைமாடிக்கு அழைத்துப்போய் மேகத்தைக் காட்டி, அது என்னவாகத் தெரிகிறதென்று கேளுங்கள். படிக்கிற பிள்ளைக்கு வரைவது எதற்கு என்று நோட்டை மூடிவைக்கும் வழக்கத்தையும், ஆண்டவருக்கு முன்பாக, விட்டுவிடுங்கள்.

நான்காவது, கொடுக்க முன்வந்த அன்பான குடும்பத்தாருக்கு. பத்து வேண்டாம், ஒன்று தாருங்கள். அது 13 வயதுக்கு மேற்பட்ட நம் வாலிபர் ஐக்கியத்துக்குரியதாயிருக்கட்டும். டில்ட் பிரஷ்ஷின் நிரல் பொதுவுக்குத் திறந்துவிடப்பட்டதால், அதிலிருந்து பிறந்த 'ஓப்பன் பிரஷ்' இலவசமாகக் கிடைக்கிறது. விலைக்கு வாங்கிய எந்தக் காட்சியும் அந்தக் கருவியில் ஓட வேண்டாம். நம் வாலிபர் தாங்களே வரைந்த பெத்லகேம் டிசம்பரில் அதில் விரியட்டும்; அந்தச் சத்திரத்தில் ஏன் இடமில்லாமற்போனது என்று அவர்கள் யோசித்து வரையட்டும். மிச்சமிருக்கும் ஒன்பது கண்ணாடிகளின் பணம், ஞாயிறு பள்ளிக்குப் பல ஆண்டுகளுக்குத் தாளும் வண்ணமும் வாங்கித் தரும்.

எருசலேமின் வீதிகள் விளையாடுகிற ஆண்பிள்ளைகளாலும் பெண்பிள்ளைகளாலும் நிறைந்திருக்கும் என்று சகரியா 8ஆம் அதிகாரம் மீட்பின் நாளை வருணிக்கிறது. அந்தப் பிள்ளைகளின் கண்கள் திறந்திருக்கின்றன. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். அந்த வீதியை இந்த மே மாதமே நம் ஆலய வளாகத்தில் தொடங்க நம்மால் முடியும்.

ஜெபம்

எங்களைச் சிருஷ்டித்த ஆண்டவரே, மிருகங்களுக்குப் பெயரிடும் கனத்தை மனுஷனுக்குக் கொடுத்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். எங்கள் பிள்ளைகளுக்கு நீர் கொடுத்த கற்பனையை, பயத்தினாலும் ஆடம்பரத்தினாலும் நாங்கள் அணைத்துப்போடாதபடி காத்தருளும். அவர்களுக்காகக் காத்திருக்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். பிறனுடைய பாரத்தைத் தங்கள் மனதிலே கண்டு, கைநீட்டித் தாங்கும் பிள்ளைகளாய் அவர்களை வளர்த்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.

ஊழியத்தில் உங்களோடு,
உங்கள் ஆயர்